தண்ணீர்ப் புத்தகத்தில் இல்லாத பக்கம்

மேல்க்கணக்கு, தேயிலைத் தோட்டம், அப்புத்தளை
2024 ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். கொழும்பு வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மூன்று புத்தகங்களும் கிடைத்தன. லயத்து வீடுகளுக்கு வரும் தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதுதான் கைக்கு வரும் என்பதை இரண்டு வருடத்தில் மறந்துவிட்டாயா? கிளார்க் கிஷாந்தன் பார்சலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "லதுஷாவுக்குக் கொழும்பிலருந்து புத்தகம்! பள்ளிக்கூடத்த பாதியில விட்ட புள்ள டொக்டராகப் போகுதாம்!" என்று கத்தினார். களத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பார்சலை வாங்கிக்கொண்டு நான் பிள்ளை பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய், தொட்டில்களுக்குப் பின்னால் நின்றேன். முதல் குழந்தையைக் கொண்டுவந்து விடும்வரை வெளியே வரவில்லை.

புத்தகங்களைப் படித்தேன். ஒன்று, தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறது. அம்மா முதுகில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குவது அந்தப் புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? இன்னொன்று, ஊற வைத்த பாதாம் பருப்பு ஏழு தின்னச் சொல்கிறது. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன்டி, ஏழாவது பருப்பத் திங்காட்டி என்ன ஆகும்?" என்று கேட்டார். மூன்றாவது, தண்ணீர் குடிப்பதைப் பற்றி. அதை இன்னும் முடிக்கவில்லை.

அடுத்த முறை காம்பராக் குழந்தைகளுக்கு பிஸ்கட் அனுப்பு. இந்தக் கேள்விகளை எல்லாம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் லயத்தில் போனில் பேசினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். எனக்கும் பேச வாய் வராது.

உன் தங்கச்சி,
லதுஷா


வெள்ளவத்தை
2024 பெப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். நான் வேலை செய்யும் கடை குரக்கன் மா, வரகு, மூலிகைத் தேயிலை எல்லாம் விற்கும் கடை. கடைக்கார ஜெயமலர் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை கடையின் மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். உடம்பை நன்றாக வைத்துக்கொள்வது பற்றித் தனக்குப் பிடித்த புத்தகம் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவந்து, ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். பிறகு புத்தகங்களை மாற்றிக்கொள்வார்கள். மீதமாவதை மிஸ் எனக்குத் தருகிறார். "உமக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள் எண்டு சொன்னனீர், அனுப்பிவிடும்" என்பார்.

நடப்பதையும் பாதாமையும் விட்டுவிடு. தண்ணீர்ப் புத்தகத்தை மட்டும் அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டு. அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று எண்ணி எனக்கு எழுது. மறக்காதே.

இங்கே சாப்பாடு உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. பிஸ்கட் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக நீயும் தின்னு.

அன்பு அக்கா,
நிவேதிகா


மேல்க்கணக்கு
2024 பெப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பிஸ்கட்டுக்கு நன்றி. இந்த முறை கிஷாந்தன் பார்சலை உலுக்கிப் பார்த்துவிட்டு, "டொக்டரம்மாவுக்கு மருந்து வந்திருக்கு" என்றார்.

எண்ணச் சொன்னாய், எண்ணினேன். விடியும் முன் ஒரு கோப்பை சாயத்தண்ணி. பத்து மணிக்கு மலையில் ரொட்டியோடு அரைக் கோப்பை. பிறகு மாலை ஐந்து மணிக்கு மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்வரை ஒன்றுமில்லை. தண்ணீர் என்று ஒரு சொட்டும் இல்லை.

ஏன் என்று கேட்டேன். அம்மா, பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "குடிச்சா எங்கடி போறது?"

அம்மா மட்டுமில்லை. மத்தியானம் பால் கொடுக்கக் காம்பராவுக்கு வந்த ஞானமலர் அக்காவிடமும் கேட்டேன். "மலையில கக்கூஸா கட்டி வச்சிருக்காங்க? மேல காட்டு ஓரத்துக்குப் போய் வர அரை மணி நேரம். வந்து நிக்கிறப்ப கங்காணி, என்ன பொம்பளைங்களா, ஊர்வலம் முடிஞ்சுதான்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிக் கத்துவாரு. ரெண்டு தரம் போனா அரைப்பேருதான், பாதிச் சம்பளம். எதுக்கு வம்பு? குடிக்காம இருந்தா போகவும் வேணாம்."

இது உனக்குத் தெரியாததில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போகும்வரை மூன்று வருடம் நீயும் அதே கொழுந்து நிரையில் நின்றவள்தானே. இருந்தும் நீ கேட்டதற்காகப் புத்தகத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் என்ன ஆகும் என்ற பகுதி வந்ததும் அம்மா ரொட்டி மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டார். மறுநாள் ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். மாலையில் போத்தல் காலியாக வந்தது. உனக்குச் சந்தோஷமா?

லதுஷா


வெள்ளவத்தை
2024 மார்ச் 10

என் லதுஷாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் இடுப்பு வலி எப்படி?

உன் கடிதத்தைப் படித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு போத்தல் போதாது. இரண்டு போத்தல் கொடு. வெயில் காலம் வருகிறது, இரண்டுக்கும் குறையக் கூடாது. கங்காணி கத்தினால் கத்தட்டும் என்று அம்மாவிடம் சொல். நீயும் குடி. காரணம் கேட்காதே. அக்கா சொல்கிறாள் என்று செய்.

செருப்பு இறுக்கமாகிவிட்டது, பெரிது வாங்கினேன். பழையதை உனக்கு அனுப்புகிறேன். இன்னும் புதுசு போலத்தான் இருக்கிறது.

அன்பு அக்கா,
நிவேதிகா


மேல்க்கணக்கு
2024 ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன்.

அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்படாதே என்று எழுதத்தான் நினைத்தேன். பயப்படு.

வியாழக்கிழமை அம்மா இரண்டு போத்தல் கொண்டுபோனார். பதினொரு மணிக்கு ஒரு முறை காட்டு ஓரத்துக்குப் போய் வந்தார். கங்காணி தனேஸ்வரன் பார்த்துவிட்டார். இரண்டு மணிக்கு மறுபடியும் போக வேண்டி வந்தது. அவர் கண்ணில் படாமல் இருக்க வழக்கமான பாதையை விட்டு, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் சுற்றிப் போயிருக்கிறார். அங்கே குளவிக் கூடு இருந்தது. அம்மா ஓடவும் முடியாமல், சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைச் செடிக்குள் குப்புற விழுந்து கிடந்திருக்கிறார். ஞானமலர் அக்கா சாக்கை எரித்துப் புகை போட்டுத்தான் கிட்டப் போனார். தோட்டத்து லொறியில் ஏற்றியபோது அம்மாவின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்கள் இருந்த இடம் தெரியவில்லை. கையைப் பார்த்துத்தான் அம்மா என்று கண்டுகொண்டேன்.

நாற்பதுக்கு மேல் கொட்டு. குளவி விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்று, சிறுநீரை அளந்து அளந்து எழுதுகிறார்கள். இன்று நர்ஸ் அன்பாக வந்து சொன்னார்: "அம்மா, வீட்டுக்குப் போனதும் நிறையத் தண்ணி குடிக்கணும், என்ன?"

அந்த வாட்டிலேயே நான் கத்தியிருக்க வேண்டும். ஆனால் தலையை ஆட்டினேன்.

அக்கா, புத்தகம் எழுதியவரை நான் திட்டவில்லை. அவர் வீட்டில் தண்ணீர் குடித்தால் பத்து அடியில் கதவுள்ள ஓர் அறை இருக்கும். உன்னைத்தான் திட்டுகிறேன். குடித்தால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்த நீ, இரண்டு போத்தல் கொடு என்று எழுதினாய். மாடியில் உட்கார்ந்து பிடித்த புத்தகம் பேசுகிறவர்களோடு சேர்ந்து நீயும் மலையை மறந்துவிட்டாய். அந்தப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உன் செருப்பையும் சேர்த்துப் போடவில்லை, அதுவே பெரிது. இனி ஒன்றும் அனுப்பாதே.

லதுஷா


மேல்க்கணக்கு
2024 மே 5

அக்காவுக்கு,

ஒரு மாதமாகிறது. பதில் இல்லை. அனுப்பாதே என்றால் புத்தகத்தைத்தான் சொன்னேன், கடிதத்தை இல்லை. அது உனக்குப் புரிந்திருக்கும்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கண்ணில் இன்னும் நீர் வடிகிறது. போனில் உன்னோடு பேசிவிட்டு, "நல்லா இருக்கேம்மான்னு சொல்லிட்டு வச்சிட்டா, ரெண்டு நிமிஷங்கூடப் பேசல" என்றார். தாய் சாகக் கிடந்தபோது ஒரு நாள் லீவு போட்டு வர முடியாத அளவுக்குக் குரக்கன் மா வியாபாரமா அங்கே? அம்மா உன்னை ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து அம்மா மலைக்குப் போகிறார். போத்தலை நான் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுபடியும் விடிய ஒரு கோப்பை, பத்து மணிக்கு அரைக் கோப்பை.

லதுஷா


கொழும்பு
2024 மே 30

லதுஷா,

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? உன் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. நீ எழுதியது எல்லாம் சரி. மன்னித்துக்கொள்.

வரவில்லை என்று கோபப்படாதே. வர முடியவில்லை.

அம்மா தண்ணீர் குடிக்க வேண்டும். காட்டுக்கும் போகக் கூடாது. இரண்டும் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இரவும் பகலும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேண்டாம் என்றாய். ஆனாலும் ஒரு புத்தகம் அனுப்புகிறேன். இதுதான் கடைசி.

நிவேதிகா


மேல்க்கணக்கு
2024 ஜூன் 8

அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன்னைப் பற்றி நீ எழுது.

உன் கடிதத்தை நாலைந்து முறை வாசித்தேன். எதையோ தேடினேன், எது என்று முதலில் தெரியவில்லை. பிறகுதான் கண்டேன். "நான் நலம்" என்று நீ எழுதவில்லை. எவ்வளவு அவசரமானாலும் அதை எழுதாமல் நீ கடிதம் தொடங்கியதில்லை. வெள்ளவத்தை என்றும் எழுதவில்லை. பென்சிலால் எழுதியிருக்கிறாய், வரிகள் கீழே கீழே சரிகின்றன. படுத்துக்கொண்டு எழுதினாயா?

நீ அனுப்பிய புத்தகத்தைத் திறந்தேன். சிறுநீரக நோயாளிகளுக்கான சாப்பாட்டுப் புத்தகம். இது மாடியில் மீதமான புத்தகம் இல்லை. இதில் கோடு போட்டிருக்கிறது. "உப்பைத் தவிர்க்கவும்." கோடு. "கால் வீக்கம் இருந்தால்." இரண்டு கோடு. ஓரத்தில் உன் கையெழுத்தில் திகதிகளும் எண்களும். முதல் திகதி போன நவம்பர்.

உப்பில்லாத சாப்பாடு. பெரிய செருப்பு. காரணம் கேட்காதே. நான் எவ்வளவு பெரிய மடச்சி.

இவ்வளவு நாளும் என்னைத் திட்ட விட்டுக்கொண்டு இருந்தாயே, அதற்குத்தான் எனக்கு இப்போது கோபம். உண்மையை எழுது. பாதி எழுதினால் அம்மாவிடம் போனைக் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கச் சொல்வேன்.

லதுஷா


கொழும்பு
2024 ஜூன் 27

என் தங்கச்சிக்கு,

முழுதாக எழுதுகிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

போன ஒக்டோபரில் கடையில் மயங்கி விழுந்தேன். மிஸ்தான் தூக்கிக்கொண்டு போனார். டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்தனீங்க?" என்று கேட்டார். கொழுந்து பறித்தேன் என்றேன். சிறுநீரை அடக்கி வைப்பதும், தண்ணீர் குடிக்காததும், அடிக்கடி காய்ச்சல் வந்து கவனிக்காமல் விட்டதும் எத்தனை வருடம் என்று கேட்டார். மூன்று என்றேன். இரண்டு சிறுநீரகத்திலும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஏப்ரலில் நோய் கூடிவிட்டதால் வாட்டில் வைத்தார்கள். அம்மா பதுளையில் படுத்திருந்தபோது நான் இங்கே படுத்திருந்தேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. மருந்தோடும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்கிறார்கள்.

நான் மூன்று வருடம்தான் நின்றேன். அம்மா இருபத்தாறு வருடமாக நிற்கிறார். அதனால்தான் போத்தல் போத்தல் என்று எழுதினேன். காட்டு ஓரம் எனக்கு மறக்கவில்லை லதுஷா. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருந்தது.

மாடிக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்து பேசுகிறேன் என்று நினைத்தாய் இல்லையா? நான் மூலிகைத் தேயிலை ஊற்றிக் கொடுப்பவள். ஒருமுறை மிஸ், "நிவேதிகா, உமக்குப் பிடிச்ச புத்தகம் எது, சொல்லும் பாப்பம்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு புத்தகமும் நினைவுக்கு வரவில்லை. நாம் நின்ற மலையை எழுதிய புத்தகம் எதையும் நான் அந்த அலுமாரியில் பார்க்கவில்லை.

உன் அக்கா,
நிவேதிகா


மேல்க்கணக்கு
2024 ஓகஸ்ட் 4

என் அக்காவுக்கு,

அம்மா, நான் இருவரும் சுகம். மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாயா? மிஸ்ஸிடம் நான் கும்பிட்டதாகச் சொல்.

உன் கடிதம் பெரட்டில்தான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகும்வரை பொறுக்க முடியாமல் நின்ற இடத்திலேயே பிரித்து வாசித்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா நாலு பேர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிஷாந்தனும் பார்த்தார். "என்ன டொக்டரம்மா, இந்த முறை புத்தகம் இல்லையா? கடுதாசிதானா? சத்தமாத்தான் வாசியேன், நாங்களும் கேட்டுத் தேறிக்கிறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. என் பையில் அட்டை கிழிந்த தண்ணீர்ப் புத்தகம் இருந்தது. எடுத்தேன். உன் கடிதத்தை வாசிக்கவில்லை, பயப்படாதே. புத்தகத்தை வாசித்தேன். குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் கோபம் வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு மனிதர் நாளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும், குடிக்காவிட்டால் என்ன ஆகும், அடக்கினால் என்ன ஆகும், எல்லாம் வாசித்தேன்.

"ஏ புள்ள, இது பெரட்டுக் களமா, பள்ளிக்கூடமா?" என்றார் தனேஸ்வரன்.

"குடிச்சா எங்க போறதுன்னு இந்தப் புத்தகத்துல இல்ல. நீங்க சொல்லுங்க கங்காணி" என்றேன்.

அவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்துரையைத் திரும்பிப் பார்த்தார். சின்னத்துரை தன் தண்ணீர்ப் போத்தலைப் பையில் வைத்து மூடினார். "பொறுங்க, மேல எழுதி அனுப்புறோம்."

"எம் மக பொறந்தப்பவும் எழுதினீங்க. அவ இப்ப ஒம்பதாம் வகுப்பு" என்று சொல்லிவிட்டு ஞானமலர் அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அடுத்து உட்கார்ந்தது யார் தெரியுமா? அம்மா. பிறகு ஒவ்வொருவராக. பத்தரை மணிவரை ஒருவரும் மலை ஏறவில்லை. கக்கூஸ் கட்டித் தருவதாகச் சின்னத்துரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து நாலு தகரமும் சீமெந்தும் வந்தன. நடு மலையில் ஒரு கக்கூஸ் இருக்கிறது. கதவு இன்னும் வரவில்லை, சாக்குத்தான் தொங்குகிறது. நாற்பத்தொரு பெண்களுக்கு ஒன்று. கிஷாந்தன் இப்போது பேரை மட்டும் கூப்பிட்டுத் தபாலைக் கொடுக்கிறார். இதை நல்ல செய்தி என்று எழுத எனக்கு இன்னும் கோபம் விடவில்லை. நாலு தகரம் அக்கா. உன் இரண்டு சிறுநீரகத்துக்கும் அம்மாவின் கண்ணுக்கும் நாலு தகரம்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அம்மா தினம் இரண்டு போத்தல் கொண்டுபோகிறார். அன்று பெரட்டில் என் கையில் இருந்தது என்ன கடிதம் என்று இதுவரை கேட்கவில்லை. ஆனால் இப்போது வீட்டுச் சமையலில் உப்பைக் குறைத்துப் போடுகிறார். "அவ வந்தா அவளுக்கும் ஆகணும்ல" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உன் நோயைப் பற்றி நான் சொல்லவில்லை. சத்தியம்.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். சோம்பேறி என்று திட்டியிருக்கிறாய். அங்கே பெண் பிள்ளைகளின் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் போய், பகல் முழுதும் அடக்கி, ஒருநாள் அடக்க முடியாமல் வகுப்பிலேயே ஆகிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து போகவில்லை. அம்மாவிடம்கூட வயிற்று வலி என்றுதான் சொன்னேன். நீ மட்டுமா மறைத்தாய்?

மிஸ் கேட்ட கேள்விக்கு இப்போது நீ பதில் சொல்லலாம். இந்தப் பார்சலில் ஒரு கொப்பி இருக்கிறது. மத்தியானம் காம்பராவுக்கு வரும் பெண்களிடமும், மாலையில் மடுவத்தில் நிற்பவர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். பேர், எத்தனை வருடம் மலையில், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை, உடம்புக்கு என்ன வருத்தம். எல்லோரும் பேர் போடச் சொன்னார்கள். கடைசிச் சனிக்கிழமை மாடிக்கு இதை எடுத்துக்கொண்டு போ. தேயிலை ஊற்றி முடித்ததும் நீயும் ஒரு கதிரை எடுத்துப் போட்டு உட்கார். உனக்குப் பிடித்த புத்தகம் இது என்று சொல்.

நாற்பத்தொரு பக்கம் எழுதியாகிவிட்டது. கடைசியில் என் பக்கமும் இருக்கிறது. முதல் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது உன்னுடையது, நீயே எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. நலம் என்று மட்டும் எழுதாதே.

கோபம் தீராத உன் தங்கச்சி,
லதுஷா